நாற்பத்து மூன்று நொடியில் விழுந்த கிரிட்: தெற்கு ஆஸ்திரேலியா 2016, அதன் பிறகு

காற்றும் வெயிலும் ஒரு கிரிட்டில் (மின்கட்டமைப்பில்) பாதிக்கு மேல் இடம் பிடித்தால் என்ன உடையும், எந்த வரிசையில் உடையும், எதைக் கொண்டு சரிசெய்யலாம்? இதற்கு ஏட்டில் தேட வேண்டியதில்லை. 2016 செப்டம்பர் 28 மாலை 4 மணி 18 நிமிடத்துக்குத் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் இருண்டது. சுமார் 8,50,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ‘காற்றாலையை நம்பினால் இப்படித்தான்’ என்று ஒரு கூட்டமும், ‘புயலில் கோபுரம் சாய்ந்தால் எந்த மின்சாரமும் போகத்தான் செய்யும்’ என்று இன்னொரு கூட்டமும் அன்றிரவே சண்டையைத் தொடங்கிவிட்டன. இருவரும் சொன்னதில் பாதி உண்மை உண்டு. ஆனால் கிரிட் விழுந்த காரணம் அந்த இரண்டு பாதிகளிலும் இல்லை. காற்றாலைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளில் யாரோ எப்போதோ பதிந்துவைத்த, கிரிட்டை இயக்குபவர்களுக்குத் தெரியாத ஓர் எண்ணில் இருந்தது அது.

மாநிலத்தின் நிலை

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை முழுவதும் ஒரே கிரிட். குயின்ஸ்லாந்தில் தொடங்கி நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா வழியாக நீளும் அந்தச் சங்கிலியின் மேற்குக் கடைசிக் கண்ணி தெற்கு ஆஸ்திரேலியா. விக்டோரியாவோடு அதைப் பிணைத்தவை இரண்டே பாதைகள். ஒன்று, ஹேவுட் வழியாக வரும் 275 கிலோவோல்ட் இரட்டைச் சுற்று மாறுமின்னோட்டப் பாதை. மற்றது முர்ரேலிங்க் என்ற நேர்மின்னோட்டக் கேபிள். நேர்மின்னோட்டப் பாதை மின்சாரத்தைக் கடத்துமே தவிர, இரு பக்கத்து அதிர்வெண்ணையும் (மாறுமின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலையாகிறது என்ற எண்) சேர்த்துக் கட்டிவைக்காது. ஆகவே ஹேவுட் அறுந்தால் மாநிலம் தனித் தீவு.

2003-இல் ஸ்டார்ஃபிஷ் ஹில்லில் 34.5 மெகாவாட்டோடு அங்கே காற்றாலைக் காலம் தொடங்கியது. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளில் ஜேம்ஸ்டவுன், ஹேலட், ஸ்னோடவுன் பக்கத்துக் குன்றுகளெல்லாம் காற்றாலைகளாயின. 2016 மே மாதம் போர்ட் அகஸ்டாவிலிருந்த கடைசி நிலக்கரி நிலையமும் மூடப்பட்டது. மீதமிருந்தவை எரிவாயு நிலையங்கள்.

செப்டம்பர் 28 மாலை, இருள்வதற்குச் சற்று முன், மின்சாரம் எங்கிருந்து வந்தது என்ற கணக்கு இது. மொத்தத் தேவை 1,826 மெகாவாட். காற்றாலைகள் 883, எரிவாயு 330, விக்டோரியாவிலிருந்து இறக்குமதி 613. அந்த 613-இல் பெரும்பகுதி ஹேவுட் வழியாக வந்தது. ஹேவுட்டின் அனுமதிக்கப்பட்ட அளவு 600 மெகாவாட். எந்த எண்ணும் விதியை மீறவில்லை. விதிப்படி எல்லாம் ‘பாதுகாப்பான நிலை’யில்தான் இருந்தது.

என்ன நடந்தது

மாநிலத்தின் நடுப்பகுதியில் சூறைச் சுழல்கள் இறங்கின. வானிலைத் துறை பின்னர் கணித்தபடி அவற்றின் வேகம் மணிக்கு 190 முதல் 260 கிலோமீட்டர். இரண்டு சுழல்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில், 170 கிலோமீட்டர் இடைவெளியில், ஒரு ஒற்றைச் சுற்று 275 கிலோவோல்ட் பாதையையும் ஓர் இரட்டைச் சுற்றுப் பாதையையும் அடித்தன. பிரிங்க்வொர்த்–டெம்ப்ளர்ஸ் வெஸ்ட், டேவன்போர்ட்–பெலாலி, டேவன்போர்ட்–மவுண்ட் லாக் ஆகிய மூன்று சுற்றுகள் போயின. இருபதுக்கு மேற்பட்ட கோபுரங்கள் சேதமாயின.

கோபுரம் சாய்ந்ததும் மின்சாரம் போய்விடவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கம்பி தரையையோ இன்னொரு கம்பியையோ தொடும்போது அந்தப் பகுதியில் மின்னழுத்தம் சட்டென்று விழும். பழுதைக் கவனிக்கும் ரிலே அதைக் கண்டு, பாதையைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறக்கும், பழுதான பாதை கழன்றுகொள்ளும், பத்தில் ஒரு நொடியில் மின்னழுத்தம் மீளும். இப்படி இரண்டு நிமிடத்துக்குள் ஆறு முறை விழுந்து மீண்டது. முதலாவது, அடிலெய்ட் நகரப் பக்கத்து 66 கிலோவோல்ட் பாதை ஒன்றில் நேர்ந்தது. இடையில் ஒரு பாதை தானியங்கி மீள்-இணைப்பில் திரும்பச் சேர முயன்று, பழுது அப்படியே இருந்ததால் இன்னொரு வீழ்ச்சியைக் கூட்டியது. மின்னலில் கண நேரப் பழுது ஏற்பட்டால் மீள்-இணைப்பு வரம். கம்பி தரையில் கிடக்கும்போது அதுவே சாபம்.

ஒவ்வொரு வீழ்ச்சியிலும் காற்றாலைகள் தாக்குப்பிடித்தன. இதற்கான தொழில்நுட்பம் ‘குறை மின்னழுத்தத் தாங்குதிறன்’. மின்னழுத்தம் விழுந்த கணத்தில் காற்றாலை வெளியே தள்ள வேண்டிய ஆற்றல் போக இடமின்றி உள்ளே தேங்குகிறது. அதைக் கன்வெர்ட்டரிலுள்ள மின்தடைகளில் விட்டு வெப்பமாக்குவார்கள். இறக்கைகளின் கோணம் திரும்பும். கியர்பெட்டியும் அச்சும் ஒரு முறுக்கு வாங்கும். மின்னழுத்தம் மீண்டதும் உற்பத்தி பழைய அளவுக்கு ஏறும். ஒரு முறை இப்படி நடந்தால் ஒன்றுமில்லை. அடுத்தடுத்து நடந்தால் மின்தடைகள் சூடேறிக்கொண்டே போகும். அதனால் தயாரிப்பாளர்கள் மென்பொருளில் ஓர் எண்ணி (கவுண்டர்) வைத்திருந்தார்கள்: இத்தனை நிமிடத்துக்குள் இத்தனை தடவைக்கு மேல் வீழ்ச்சி வந்தால் கிரிட்டிலிருந்து விலகு, அல்லது உற்பத்தியைக் குறை.

வரம்பு எந்திரத்துக்கு எந்திரம் வேறு. அன்று ஒன்பது காற்றாலைப் பண்ணைகளில் அந்த எண்ணி வரம்பைத் தொட்டது. ஏழு நொடிக்கும் குறைவான நேரத்தில் 456 மெகாவாட் மறைந்தது. காற்று மிக வேகமாக அடித்ததால் தாமாக நின்ற எந்திரங்களும் உண்டு. ஆனால் அவற்றின் பங்கு மிகச் சிறிது. காற்று இல்லாமல் போகவும் இல்லை, மிஞ்சிப்போகவும் இல்லை.

மறைந்த 456 மெகாவாட்டை நிரப்ப மின்சாரம் விக்டோரியாவிலிருந்து ஹேவுட் வழியாகப் பாய்ந்தது. 600-க்கான பாதையில் 850–900 மெகாவாட். பாதை சூடேறிப் போவதற்கெல்லாம் நேரமில்லை. அதற்கு முன்பே இரு முனைகளின் மின் அலைகளுக்கிடையே கோண வேறுபாடு பெருகி, நடுவில் மின்னழுத்தம் சரிந்து, இரு கிரிட்டுகளும் ஒத்தியக்கம் (ஒரே தாளத்தில் இயங்குவது) இழந்தன. அதைக் காக்கவே இருக்கும் ரிலே, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஹேவுட்டை வெட்டியது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. முதல் 275 கிலோவோல்ட் பழுதிலிருந்து இதுவரை நாற்பத்து மூன்று நொடி.

லோடு ஷெட்டிங் ஏன் காப்பாற்றவில்லை

இப்போது தீவாகிவிட்ட மாநிலத்தில் ஏறக்குறைய 900 மெகாவாட் பற்றாக்குறை. இந்த நிலைக்கென்றே அதிர்வெண் ரிலேக்கள் உண்டு. 50 ஹெர்ட்ஸிலிருந்து 49-க்குக் கீழே இறங்கும்போது, படிப்படியாக ஊர் ஊராக ஃபீடர்களை (விநியோகப் பாதைகளை) கழற்றிச் சமன்செய்வது அவற்றின் வேலை. அன்று அவற்றுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கவில்லை.

கணக்கு எளிது. அதிர்வெண் சரியும் வேகம் = (பற்றாக்குறை × 50) ÷ (2 × நிலைமம்). நிலைமம் என்பது சுழலும் கனத்த ஜெனரேட்டர்களின் உருளிகளில் தேங்கியிருக்கும் ஆற்றல். அலகு மெகாவாட்-நொடி. எரிவாயு எந்திரங்கள் சில மட்டுமே ஓடிய அந்த மாலையில் நிலைமம் 3,000 மெகாவாட்-நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 மெகாவாட் போனால் நொடிக்கு 7.5 ஹெர்ட்ஸ் வேகத்தில் சரியும். பதிவுகளில் தெரிந்ததும் நொடிக்கு 6 ஹெர்ட்ஸுக்கு மேல்தான். 49-இலிருந்து 47 வரை இறங்க மூன்றிலொரு நொடிகூடப் பிடிக்காது. ரிலே அளந்து, உறுதிசெய்து, பிரேக்கர் திறப்பதற்கே கால் நொடி ஆகும் ஏற்பாட்டில், முதல் படி கழல்வதற்குள் கடைசிப் படி கடந்துபோயிருக்கும். அந்த ஏற்பாடு நொடிக்கு 3 ஹெர்ட்ஸ் சரிவைத் தாங்கும் அளவுக்கே வடிவமைக்கப்பட்டது. 900 மெகாவாட் இழப்பில் 3 ஹெர்ட்ஸைத் தாண்டாதிருக்க 7,500 மெகாவாட்-நொடி நிலைமம் வேண்டும். இருந்ததைப்போல் இரண்டரை மடங்கு.

அதிர்வெண் 47-க்குக் கீழே போனதும் எரிவாயு நிலையங்களும் தம்மைக் காத்துக்கொள்ள டிரிப் ஆயின. எல்லாம் இருட்டு.

ஆஸ்திரேலிய மின்சந்தை இயக்ககமான ஏமோ பின்னர் இதைக் கணினியில் மறுபடி ஓட்டிப் பார்த்தது. கோபுரங்கள் அதேபோல் சாய்ந்து, காற்றாலைகளின் எண்ணி மட்டும் தடுக்காமலிருந்திருந்தால், ஹேவுட் அறுந்திருக்காது, மாநிலம் இருண்டிருக்காது என்பது முடிவு. அந்த எண்ணி இருப்பதே அன்றுவரை ஏமோவுக்குத் தெரியாது. பண்ணைகளை இணைக்கும்போது கொடுக்கப்பட்ட கணினி மாதிரிகளில் அது இல்லை. காற்றா நிலக்கரியா என்று ஆண்டுக்கணக்கில் நடந்த விவாதத்தில் இந்த ஒரு வரி கடைசிவரை காணாமலே போனது.

மறுபடி எழுப்புதல்

கிரிட் முழுதாக விழுந்தால், வெளியிலிருந்து மின்சாரம் இல்லாமலே தானே எழக்கூடிய நிலையங்கள் தேவை. அதற்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்து இரண்டு நிலையங்களோடு ஒப்பந்தம் இருந்தது. அன்றிரவு இரண்டுமே எழவில்லை. ஒன்றில், சிறு டர்பைனை ஓட்டி அதன் மின்சாரத்தில் பெரிய டர்பைனின் துணை மோட்டார்களை எழுப்ப முயன்றபோது பிரேக்கர் டிரிப் ஆகிக்கொண்டே இருந்தது. இன்னொன்றில் அவசர டீசல் ஜெனரேட்டரே கிளம்பிய சில நொடிகளில் பழுதானது. இரண்டும் முன்பு சோதிக்கப்பட்டவைதான். ஆனால் முதலாவதில் சோதனை நடந்த சுவிட்சிங் வரிசை வேறு, அன்று தேவைப்பட்ட வரிசை வேறு.

கடைசியில் விக்டோரியாவிலிருந்து ஹேவுட் வழியாகவே உயிர் வந்தது. இரவு 7 மணிக்கு முதல் தெருக்களுக்கு மின்சாரம் திரும்பியது. நள்ளிரவுக்குள் மீட்கக்கூடிய சுமையில் 80 முதல் 90 சதவீதம் வந்துவிட்டது. வடக்கில் பாதைகள் சாய்ந்து கிடந்ததால் அங்கே நாள்கள் ஆயின. ஒலிம்பிக் டேம் செப்புச் சுரங்கம் இரண்டு வாரம் முடங்கியது. வயல்லா எஃகு ஆலை, போர்ட் பிரீ உருக்காலை ஆகியவற்றிலும் அடி பலம்.

இதே மாநிலத்தில் 2017 பிப்ரவரி 8 மாலை, கடும் வெயிலில், காற்று இல்லாத நேரத்தில் இன்னொரு மின்வெட்டு வந்தது. 100 மெகாவாட் கழற்றச் சொன்னால், மென்பொருள் பிழையால் சுமார் 300 மெகாவாட் கழன்றது. 90,000 வீடுகள் இருண்டன. அது பற்றாக்குறையின் கதை, 2016 நிலைத்தன்மையின் கதை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் பலர் தவறான மருந்தை எழுதுகிறார்கள்.

எண்ணிக்கு என்ன ஆனது

முதல் திருத்தம் செலவே இல்லாதது. சில வாரங்களில் தயாரிப்பாளர்கள் மென்பொருளைத் திறந்து, மின்தடைகள் உண்மையில் தாங்கும் அளவைக் கணக்கிட்டு, எண்ணி வரம்பை உயர்த்தினார்கள். கூடவே, ஹேவுட் அறுந்தாலும் சரிவு நொடிக்கு 3 ஹெர்ட்ஸைத் தாண்டாதபடி அதன் வழியாக வரும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த மாநில அரசு உத்தரவிட்டது. 2018-இல் நாடு முழுவதற்கும் விதி மாறியது. புதிதாக இணையும் நிலையம், உயர்தர அளவுகோலின்படி, ஐந்து நிமிடத்துக்குள் 15 வீழ்ச்சிகள் வரை தாங்க வேண்டும். 2019-இல் ஒழுங்குமுறை அமைப்பு நான்கு காற்றாலை நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டு, நீதிமன்றத்தில் அபராதமும் வாங்கித் தந்தது. குற்றச்சாட்டு மின்வெட்டுக்குக் காரணமானது என்பதல்ல. பாதுகாப்பு அமைவுகளுக்கு எழுத்தில் ஒப்புதல் பெறவில்லை என்பதே.

எந்தக் கிரிட்டானாலும் காற்றாலையையோ சூரிய மின் நிலையத்தையோ இணைக்கும்முன் கேட்க வேண்டியவை இதிலிருந்து வருகின்றன. மின்னழுத்தம் எவ்வளவு ஆழத்துக்கு, எவ்வளவு நேரம் விழுந்தால் தாங்கும் என்ற வளைகோடு ஒன்றை எல்லோரும் கேட்பார்கள். அது போதாது. எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்று கேளுங்கள். மீண்ட பின் உற்பத்தி பழைய அளவுக்கு ஏற எத்தனை மில்லி நொடி என்று கேளுங்கள். கொடுக்கப்பட்ட கணினி மாதிரியும் எந்திரத்தில் ஓடும் மென்பொருளும் ஒரே பதிப்பா என்று சரிபாருங்கள். புதுப்பிப்பு ஏற்றிவிட்டு மாதிரியை மாற்றாமல் விடுவதுதான் வழக்கமாக நடப்பது. இணைப்புப் புள்ளியில் அதிவேகப் பதிவுக் கருவி வையுங்கள். அது இருந்ததால்தான் 2016-இன் ஏழு நொடிகளை வரிசைப்படுத்த முடிந்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. நம் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஆனால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு பக்கம் தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் எந்திரங்களும் இதில் அடக்கம். அவற்றில் இருப்பது தூண்டல் ஜெனரேட்டர். மின்னழுத்தம் விழுந்தால் தாங்குவதற்குப் பதிலாக, மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் மறுமின்திறனை உறிஞ்சி வீழ்ச்சியை இன்னும் ஆழமாக்கும். குறை மின்னழுத்தத் தாங்குதிறன் இந்தியாவில் 2014-க்குப் பிறகு இணைந்த எந்திரங்களுக்கே கட்டாயமானது. நம் கிரிட் நாடளாவியது, மிகப் பெரியது. அதனால் அதிர்வெண் நொடிக்கு ஆறு ஹெர்ட்ஸ் சரியாது. ஆனால் மின்னழுத்தச் சிக்கல் உள்ளூர்க்காரன். 2022-லிருந்து ராஜஸ்தானில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்சாரம் ஒரே மூச்சில் கழன்ற நிகழ்வுகள் அந்த வகையைச் சேர்ந்தவைதான்.

பேட்டரி செய்ததும் செய்யாததும்

ஜேம்ஸ்டவுன் அருகே, 99 எந்திரங்கள் கொண்ட ஹார்ன்ஸ்டேல் காற்றாலைப் பண்ணையை ஒட்டி 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி பேட்டரியை டெஸ்லா கட்டியது. நூறு நாளில் முடிக்காவிட்டால் இலவசம் என்று ஈலான் மஸ்க் சொன்ன சவடால் உலகப் புகழ். 2017 டிசம்பர் 1-இல் அது ஓடத் தொடங்கியது.

‘மாநிலத்துக்கே மின்சாரம் தரும் பேட்டரி’ என்று செய்திகளில் வந்தது நகைப்புக்குரியது. முழுத் திறனில் ஓடினால் ஒன்றேகால் மணி நேரம், அதுவும் மாநிலத் தேவையில் இருபதில் ஒரு பங்குக்கு. அதில் 70 மெகாவாட் பத்து நிமிடத்துக்கு மட்டும் கிரிட் பாதுகாப்புக்கென ஒதுக்கப்பட்டது. மீதி 30 மெகாவாட் மூன்று மணி நேரம் சந்தையில் வாங்கி விற்க. அதன் உண்மையான மதிப்பு வேகத்தில் இருந்தது. அதே மாதம் 14-ஆம் தேதி விக்டோரியாவில் லாய் யாங் நிலக்கரி நிலையத்தின் ஓர் அலகு 560 மெகாவாட்டோடு டிரிப் ஆனது. அடுத்த மாநிலத்துப் பிரச்சினை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியுள்ள குயின்ஸ்லாந்தின் நிலக்கரி அலகு ஒன்றுக்குத்தான் அதை நிரப்பும் பொறுப்பு. அது அசைவதற்கு முன்பே ஹார்ன்ஸ்டேல் 7.3 மெகாவாட் தள்ளியிருந்தது. 560-க்கு 7.3 என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனால் எவ்வளவு விரைவில் வந்தது என்பதைக் கண்டு கட்டுப்பாட்டு அறைகள் நிமிர்ந்து உட்கார்ந்தன.

பணக் கணக்கில் அதன் தாக்கம் இன்னும் பெரிது. மாநிலம் தீவாகக்கூடிய நேரங்களில் அதிர்வெண்ணைச் சீர்செய்யும் சேவையில் 35 மெகாவாட்டை உள்ளூரிலேயே வாங்க வேண்டும் என்பது விதி. விற்கச் சில எரிவாயு நிலையங்களே இருந்தன. அந்த நேரங்களில் விலை மெகாவாட்டுக்கு ஆயிரக்கணக்கான டாலருக்கு எகிறும். பேட்டரி சந்தைக்குள் வந்ததும் அந்த ஆட்டம் முடிந்தது. 2020-இல் 150 மெகாவாட்டாக விரிந்தது. 2022-இல் மென்பொருள் மாற்றத்தால், சுழலும் எந்திரத்தைப்போல் நடந்துகொண்டு சுமார் 2,000 மெகாவாட்-நொடி மெய்நிகர் நிலைமமும் தரத் தொடங்கியது.

இரும்புச் சக்கரம் திரும்பி வந்தது

இந்த நிகழ்வில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், செய்திகளில் மிகக் குறைவாக வந்ததும் இதுதான். காற்றாலை, சூரியத் தகடு, பேட்டரி ஆகியவற்றின் மின்சாரத்தைக் கிரிட்டுக்கேற்ற மாறுமின்னோட்டமாக மாற்றும் மின்னணுக் கருவி இன்வெர்ட்டர். அதன் வழியாக வரும் மின்சாரம் கிரிட்டின் அலையைப் பார்த்து, அதன் கோணத்தைப் பிடித்து, அதற்கேற்பத் தன் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. பாடகரைப் பார்த்து ஒத்து ஊதுவதுபோல. பாடகர்கள் குறைந்து ஒத்து ஊதுபவர்களே நிறைந்தால் சுருதி யாரிடம்? பழுது நேரும்போது ஒத்தியங்கு ஜெனரேட்டர் (கிரிட்டின் தாளத்திலேயே சுழலும் கனத்த எந்திரம்) தன் திறனைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தைக் கொட்டும். அதனால் மின்னழுத்தம் நிற்கும், ரிலேக்களும் பழுதை அடையாளம் காணும். இன்வெர்ட்டரால் தன் திறனுக்கு மேல் பத்து, இருபது சதவீதம்தான் தர முடியும். அதற்கு மேல் போனால் அதன் குறைகடத்திகள் எரிந்துவிடும்.

எனவே 2017-லிருந்து, காற்று எவ்வளவு அடித்தாலும், குறிப்பிட்ட எண்ணிக்கையில் எரிவாயு எந்திரங்கள் ஓடியே ஆக வேண்டும் என்று ஏமோ கட்டளையிட்டது. மின்விலை பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போதும் எரிவாயுவை எரி, நட்டத்துக்கு ஈடு வாங்கிக்கொள். இன்னொரு பக்கம், நன்றாக ஓடும் காற்றாலைகளைக் குறை. இரண்டு பக்கமும் செலவு.

தீர்வு பழைய கருவி ஒன்றில் கிடைத்தது: சிங்க்ரோனஸ் கண்டென்சர். டர்பைன் இல்லாத ஜெனரேட்டர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிரிட்டிலிருந்தே சிறிது மின்சாரம் எடுத்துச் சுழன்றுகொண்டே இருக்கும். எரிபொருள் இல்லை, புகை இல்லை. டேவன்போர்ட்டில் இரண்டு, ராபர்ட்ஸ்டவுனில் இரண்டு. பழுது நேரத்தில் ஒவ்வொன்றும் 575 மெகாவோல்ட்-ஆம்பியர் அளவுக்குப் பழுது மின்னோட்டம் தரும். ஒவ்வோர் அச்சிலும் ஒரு கனத்த சுழல்சக்கரம் (ஃப்ளைவீல்) கோத்து நிலைமத்தையும் கூட்டினார்கள். நான்கும் சேர்ந்து 4,400 மெகாவாட்-நொடி. அனுமதிக்கப்பட்ட செலவு சுமார் 16.6 கோடி ஆஸ்திரேலிய டாலர். டேவன்போர்ட் இருப்பது மூடப்பட்ட நிலக்கரி நிலையத்தின் பக்கத்தில். ஆற்றலை விட்டுவிட்டு, அதன் சுழற்சியை மட்டும் அதே இடத்தில் திருப்பி வைத்ததாகக் கொள்ளலாம்.

2021 இறுதியில் இவை நான்கும் வந்ததும், கட்டாயமாக ஓட வேண்டிய பெரிய எரிவாயு எந்திரங்கள் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தன. காற்று, பெரிய சூரிய மின் நிலையங்களுக்கான உச்சவரம்பு 2,500 மெகாவாட்டாக உயர்ந்தது.

கூரைகளின் கலகம்

அடுத்த சிக்கல் குன்றுகளிலிருந்து வரவில்லை, வீட்டுக் கூரைகளிலிருந்து வந்தது. மூன்று வீட்டுக்கு ஒன்றுக்கு மேல் சோலார் ஏறிய மாநிலம் அது. மிதமான வெயிலும் ஏசி தேவைப்படாத குளிர்ச்சியும் சேர்ந்த வசந்தகால ஞாயிறு மதியம்தான் அங்கே ஆபத்தான நேரம். 2020 அக்டோபர் 11 மதியம் ஒரு மணி நேரம், மாநிலத்தின் மொத்தத் தேவையையும் சூரிய மின்சாரமே நிரப்பியது. 2023 டிசம்பர் 31 மதியம் பெரிய நிலையங்கள் தர வேண்டிய தேவை –26 மெகாவாட். கூரைகள் தம் தேவை போக மிச்சத்தை விக்டோரியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

இதில் மூன்று வகைக் கோளாறு. ஒன்று, தெரு அளவில் மின்னழுத்த உயர்வு. அங்கே வரம்பு 216 முதல் 253 வோல்ட். எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் தள்ளினால் கடைசிக் கம்பத்து வீட்டில் 255, 258 என்று ஏறி, இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும். வீட்டுக்காரர் இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று புகார் கொடுப்பார். புதிய தரநிலையில் 253-ஐத் தாண்டியதும் உற்பத்தி படிப்படியாகக் குறைந்து 260-இல் ஐந்தில் ஒரு பங்காகும். அதற்கு முன்பே மறுமின்திறனை உறிஞ்சி மின்னழுத்தத்தை இழுத்துப் பிடிக்கவும் முயலும். நிறுவுபவர்கள் இன்வெர்ட்டரில் நாட்டுக்குரிய அமைவைத் தேர்ந்தெடுக்காமல் பெட்டியில் வந்தபடியே விட்டுவிட்டால் இவற்றில் எதுவும் நடக்காது. நடைமுறையில் அதிகம் கண்ட பிழை இதுதான்.

இரண்டாவது, பழுது நேரத்தில் கூரைகள் மொத்தமாகக் கழல்வது. 2016-இல் காற்றாலை செய்ததை இப்போது லட்சக்கணக்கான சிறு பெட்டிகள் செய்யக்கூடும். மூன்றாவது நயமானது. அதிர்வெண் சரியும்போது ரிலே கழற்றும் ஃபீடர், மதிய நேரத்தில் சுமையே அல்ல, உற்பத்தி நிலையம். அதைக் கழற்றினால் பற்றாக்குறை கூடும். இதற்காக, மின்சாரம் எதிர்த்திசையில் ஓடும் ஃபீடரின் ரிலே தானே ஒதுங்கிக்கொள்ளும்படி மாற்றினார்கள்.

2020 செப்டம்பர் 28 முதல், இருட்டுக்குச் சரியாக நான்காண்டு கழித்து, புதிதாக ஏறும் ஒவ்வொரு கூரை சோலாரும் மின்னழுத்த வீழ்ச்சியைத் தாங்கும் என்ற சான்றும், தொலைவிலிருந்து அணைக்கக்கூடிய ஏற்பாடும் பெற்றிருக்க வேண்டும் என்று மாநிலம் விதித்தது. 2021 மார்ச் 14-இல் முதன்முறை அதைப் பயன்படுத்தினார்கள். விதிக்கு முன்பு ஏறிய பழைய கூரைகளுக்குத் தந்திரம் வேறு: துணைமின் நிலையத்தில் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே உயர்த்துவது. மேலே சொன்ன முதல் கோளாறே மருந்தாகி, இன்வெர்ட்டர்கள் தாமாக அணையும். அழகான முறையல்ல, ஆனால் வேலை செய்தது. நீண்டகால ஏற்பாடாக, ஏற்றுமதி வரம்பை ஐந்து நிமிடத்துக்கொரு முறை மாற்றும் திட்டம் வந்தது. கம்பியில் இடமிருந்தால் 10 கிலோவாட் வரை, நெரிசலானால் 1.5 கிலோவாட். இதில் சேராதவருக்கு நிரந்தரமாக 1.5.

இலங்கையின் நிலை இதற்கு மிக நெருக்கமானது. ஹேவுட் போன்ற கயிறும் இல்லாத தனித் தீவு அது. 2025 பிப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டு ஏற்பட்ட பழுதில் நாடு முழுவதும் இருண்டது. குரங்கைப் பற்றிய கேலிகளுக்குக் குறைவில்லை. குறைந்த தேவையும், நிறைந்த கூரை சோலாரும், குறைந்த நிலைமமும் சேர்ந்த ஞாயிறு என்பதுதான் முக்கியம். ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரை சோலாரை அணைத்துவைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அடிலெய்டில் கட்டளையாகப் போவது அங்கே வேண்டுகோளாகப் போனது.

அதே புயல், வேறு முடிவு

2022 நவம்பர் 12 மாலை, மீண்டும் கடும் புயல். டெய்லம் பெண்ட் அருகே ஹேவுட் பாதையின் கோபுரம் ஒன்று சாய்ந்தது. மாநிலம் மீண்டும் தீவானது. இம்முறை கிரிட் விழவில்லை. மரம் விழுந்து தெருக் கம்பிகள் அறுந்த வீடுகள் ஏராளம், அது வேறு. முதன்மைக் கிரிட் நின்றது. காற்றாலைகள் தாக்குப்பிடித்தன, நான்கு கண்டென்சர்களும் சுழன்றுகொண்டிருந்தன, பேட்டரிகள் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டன. ஒரு வாரம் கழித்து 19-ஆம் தேதி மாநிலம் விக்டோரியாவோடு சேர்ந்தது.

விலை கொடுத்தவை கூரைகள். தீவாக இருந்த நாள்களில் மதியம்தோறும் கூரை சோலாரைக் குறைத்துக்கொண்டே இருந்தார்கள். பலருக்கு ஏன் அணைந்தது என்றே தெரியவில்லை. கைபேசிச் செயலியில் சிவப்பு விளக்கு, நிறுவியவருக்கு அழைப்பு மேல் அழைப்பு. தொலைவிலிருந்து அணைக்கும் ஏற்பாட்டைக் கட்டியவர்கள், அணைத்ததைச் சொல்லும் ஏற்பாட்டை மறந்திருந்தார்கள். அனுப்பிய கட்டளைக்கு எல்லாப் பெட்டிகளும் பணியவும் இல்லை. இணையத் தொடர்பு அறுந்தவை, வைஃபை கடவுச்சொல் மாறியவை, நிறுவியபோதே தவறாகப் பதிவானவை ஆகியவை கட்டளைக்கு வெளியே நின்றன.

இன்று அம்மாநிலத்தில் ஆண்டு மின்சாரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் காற்றும் சூரியனும் தருகின்றன. 2027-இல் ஆண்டுக் கணக்கில் நிகர நூறு சதவீதம் என்பது அரசின் இலக்கு. கட்டாய எரிவாயு எந்திரங்களை முழுதாக விலக்க வேண்டுமானால் இரண்டாவது மாறுமின்னோட்டப் பாதை வேண்டும். அதற்காகவே ராபர்ட்ஸ்டவுனிலிருந்து நியூ சவுத் வேல்ஸின் வாகா வாகா வரை சுமார் 900 கிலோமீட்டருக்கு, 800 மெகாவாட் திறனில், எனர்ஜிகனெக்ட் பாதையை இழுக்கிறார்கள். பாதைகள் இரண்டானால் புதிய கேள்வியும் பிறக்கும்: ஒன்று அறுந்த நொடியில் அதன் சுமை முழுவதும் மற்றதில் பாய்ந்து அதையும் அறுக்காமல் எப்படித் தடுப்பது? இரு பாதைகளின் ஓட்டத்தையும் ஒன்றாகப் பார்த்து, சில நூறு மில்லி நொடிக்குள் பேட்டரிகளுக்கும் ஃபீடர்களுக்கும் கட்டளையிடும் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் அந்த 800 மெகாவாட்டை முழுதாகப் பயன்படுத்த முடியாது.